அபராதச் சீட்டு வந்தால் கார் இன்சூரன்ஸ் ஏறுமா? ரியூனியனில் வண்டி ஓட்டுபவர்களுக்கு

ரேடாரில், அதாவது வேகத்தைப் பிடிக்கும் கேமராவில், மாட்டியவர்கள் முதலில் கேட்பது, அடுத்த வருடம் இன்சூரன்ஸ் ஏறிவிடுமா என்பதுதான். அபராதம் கட்டினதற்காக மட்டும் ஏறாது. ரியூனியன் தீவில் பிரெஞ்சுச் சட்டம்தான், அதன்படி லைசென்ஸ் பாயிண்ட் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது, இன்சூரன்ஸ் கம்பெனி அதைப் பார்க்க முடியாது, எத்தனை பாயிண்ட் மிச்சம் என்று உங்களிடம் கேட்கவும் கூடாது. ஆனால் அபராதத்திலிருந்து இன்சூரன்ஸுக்குப் போக வேறொரு வழி இருக்கிறது, பலருக்கும் அது தெரிவதில்லை.

முதலில் பாயிண்ட். முழு லைசென்ஸுக்கு 12 பாயிண்ட், தப்பு செய்தால் அதிலிருந்து குறையும். புதிதாக எடுத்தவர்களுக்கு 6, தப்பில்லாமல் ஓட்டினால் மூன்று வருடத்தில் 12 ஆகும். கையில் போனோடு ஓட்டினால் 135 யூரோ, 3 பாயிண்ட். பெல்ட் போடாவிட்டாலும் 3. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 4. பார்க்கிங் காசு கட்டாததற்கு வரும் சீட்டில் பாயிண்ட் போகாது.

வேகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. சேன்-ஆந்த்ரே ஊருக்குள் 50 போட்ட இடத்தில் நிலையான ரேடார் உங்களை 59-இல் பிடித்தால், 5 கழித்து 54 என்று எடுத்துக்கொள்வார்கள். 2024 ஜனவரியிலிருந்து 5 கிலோமீட்டருக்குக் குறைவான மீறலுக்குப் பாயிண்ட் போவதில்லை, அபராதம் மட்டும் உண்டு. அதே இடத்தில் 67 என்றால் 62 ஆகிறது, ஒரு பாயிண்ட் போய்விடும். அந்த ஒரு பாயிண்ட், ஆறு மாதம் வேறு தப்பு இல்லாமல் ஓட்டினால் திரும்பி வரும். பெரிய தப்புகளுக்கு இரண்டு அல்லது மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், அல்லது சொந்தக் காசு கட்டி இரண்டு நாள் ஸ்டாஜ் என்ற பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தால் 4 பாயிண்ட் வரை கிடைக்கும், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவைதான்.

நம் வீடுகளில் கார் அப்பா பேரில் இருக்கும், பையன் சனிக்கிழமை சேன்-பியேர் போய் ரேடாரில் மாட்டுவான். பிரான்ஸில் உள்ள ரென் நகரத்திலிருந்து வரும் அபராதக் கடிதம், கார்த் கிரீஸில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பெயர் இருப்பவருக்குத்தான் வரும். சீக்கிரம் கட்டினால் 135-க்குப் பதில் 90 யூரோதானே என்று அப்பா அன்றைக்கு ராத்திரியே கட்டிவிடுவார். கட்டினாலே தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், பாயிண்ட் அப்பா கணக்கில்தான் போகும். ஓட்டியது வேறொருவர் என்றால் கட்டுவதற்கு முன்னால், 45 நாளுக்குள், அவர் பெயரைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். தயவுசெய்து கடிதத்தை நிதானமாகப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். ஓட்டாதவர் பெயரைப் பாயிண்டுக்காக எழுதிக் கொடுப்பது குற்றம், சொந்தக்காரருக்கு உதவி என்றாலும் செய்யாதீர்கள்.

இனி இன்சூரன்ஸ். வருடாவருடம் பிரீமியத்தை ஏற்றி இறக்குவது போனஸ்-மாலுஸ் எண். அது 1-இல் தொடங்கும், உங்கள் தப்பால் விபத்து நடக்காத ஒவ்வொரு வருடமும் 5 சதவீதம் குறையும், 0.50 வரை இறங்கும். முழுத் தப்பும் உங்களுடையது என்றால் ஒரே விபத்தில் 25 சதவீதம் ஏறும், பாதித் தப்பு என்றால் 12.5. அடிப்படை பிரீமியம் 800 யூரோ, உங்கள் எண் 0.80 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 640 கட்டிக்கொண்டிருந்தவர் 800 கட்டுவார், பழைய 0.80-க்கு இறங்க நாலு வருடம் ஆகும். ரேடார் சீட்டு இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

நான் முதலில் சொன்ன அந்த வழி, லைசென்ஸ் நிறுத்தம். 2020 மே மாதத்திலிருந்து, கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டும்போது கூடவே இன்னொரு தப்பு, உதாரணமாக இண்டிகேட்டர் போடாமல் திரும்புவது, வெள்ளைக் கோட்டைத் தாண்டுவது, சேர்ந்தால் ஜெண்டார்ம் (போலீஸ்) அங்கேயே லைசென்ஸை வாங்கிக்கொள்ளலாம், அப்புறம் பிரிஃபெக்ட் (அரசாங்கத்தின் உயர் அதிகாரி) ஆறு மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். வேக வரம்பை 40 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினாலும் இதே கதைதான், குடித்துவிட்டு ஓட்டினால் ஒரு வருடம் வரைகூட நிறுத்தலாம். இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நிறுத்தம் என்றால், விபத்தே நடக்காவிட்டாலும் கம்பெனி 50 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்கலாம், ஆறு மாதத்துக்கு மேல் போனால் 100, லைசென்ஸே ரத்தானால் 200. குடித்துவிட்டு விபத்து செய்தவருக்கு 150. ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தாலும் 400 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு வருடத்துக்குப் பிறகு எடுத்துவிட வேண்டும். இண்டிகேட்டர் போடாததற்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும், ஆனால் இங்கே விலை வைத்திருப்பது கையிலிருந்த போனுக்கு.

நிறுத்தம் வந்தால் 15 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். மறைத்தால் கூடுதல் பிரீமியத்தோடு போகாது, வேண்டுமென்றே மறைத்தது என்று நிரூபித்தால் ஒப்பந்தமே செல்லாது. எந்தக் கம்பெனியும் சேர்க்க மாட்டேன் என்றால், கட்டாயமான மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸுக்கு 'பூரோ சாந்த்ரால் த தாரிஃபிகாசியோன்' என்ற அமைப்பிடம் போகலாம், விலையை அவர்களே தீர்மானித்து ஒரு கம்பெனியை ஏற்க வைப்பார்கள்.

புது லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரே தப்பில் 3 பாயிண்ட் அல்லது அதற்கு மேல் இழந்தால் பதிவுத் தபாலில் கடிதம் வரும், அது கைக்கு வந்த நாலு மாதத்துக்குள் ஸ்டாஜ் கட்டாயம். அதை முடித்தால் அந்த அபராதத் தொகையைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். கேட்காமல் விடுபவர்கள் நிறையப் பேர், கேளுங்கள். வீடு மாறினால் கார்த் கிரீஸில் முகவரியை ஒரு மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள், பழைய வீட்டுக்குப் போன கடிதத்தால் 135 யூரோ 375 ஆகிவிடும்.