விண்டோஸ் விழிக்கும் முன்பே சோதியுங்கள்

போன வாரம் சித்தி பதறிப்போய் போன் செய்தார். "என் அட்ரஸ்ல இருந்தே எனக்கு மெயில் வந்திருக்குப்பா. உன் கம்ப்யூட்டர் எங்க கையில இருக்குன்னு எழுதியிருக்கான்."

அந்த மெயிலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தபால் உறையில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், மின்னஞ்சலிலும் அப்படித்தான். "வேற ஏதாவது மெயில்ல இருந்த ஃபைலைத் திறந்தீங்களா சித்தி?" என்று கேட்டேன். "போன மாசம் கரண்ட் பில்லுன்னு ஒண்ணு வந்துச்சு. திறந்தேன், ஒண்ணுமே வரல."

அந்த 'ஒண்ணுமே வரல'தான் எனக்குக் கவலை தந்தது.

கோப்பின் பெயர் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று இருந்தால், விண்டோஸ் வழக்கமாகக் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரிவது 'பில்.பிடிஎஃப்' மட்டும். பில் என்று நினைத்துத் தட்டினால் ஒரு நிரல் ஓடத் தொடங்கும். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸும் இப்படித்தான் காதல் கடித வேடத்தில் வந்தது. திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது.

ஆன்டிவைரஸ் இதை எப்படிப் பிடிக்கிறது? தெரிந்த தீநிரல்களின் கைரேகை போன்ற அடையாளங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடுகிறது. புதிதாக வந்ததற்குக் கைரேகை இருக்காது. அதனால் நடத்தையையும் கவனிக்கிறது: ஒரு 'பில்' எதற்காக பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் துழாவ வேண்டும்?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸ் விண்டோஸிடம்தான் கேட்கிறது. ரூட்கிட் வகைத் தீநிரல் விண்டோஸின் அடிமடியிலேயே உட்கார்ந்துகொண்டு, பதிலில் தன் பெயரை மட்டும் நீக்கிவிடும். காவலாளியே கள்ளனுக்குக் கூட்டு என்றால் வீட்டுக்குள் விசாரித்து என்ன பயன்?

அதற்காகத்தான் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் இருக்கிறது. முதலில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். கணினி அணைந்து மீண்டும் எழும்போது, வழக்கமான விண்டோஸுக்குப் பதிலாக ஒரு சிறு மீட்புச் சூழல் ஏறும். இப்போது தீநிரல் ஓடவில்லை. டிஸ்க்கில் கிடக்கும் வெறும் பைட்டுகள் அது. ஒளிந்துகொள்ள அதற்கு வழியில்லை. சுமார் 15 நிமிடத்தில் முடியும்.

ஸ்கேனில் ஒன்றும் சிக்காவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் சில, சுருட்டியதை அனுப்பிவிட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதோடு, பிரவுசரில் லாகின் ஆகியிருப்பதற்கான அடையாளச் சீட்டு போன்ற குக்கீயைத் திருடியிருந்தால், பாஸ்வேர்டு தெரியாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும்.

அதனால் சித்தியின் கணினியில் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றினோம். மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்தோம். வரும் மெயில்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதும் செட்டிங்ஸில் இருக்கிறதா என்றும் பார்த்தோம். அடுத்தது வங்கிக் கணக்கு.