சிலிக்கான் படலத்துக்குள் நுழையும் ஆக்சிஜன்

வாயுவை மின்திறனால் சிதைக்கும் பிளாஸ்மா முறையில் சிலிக்கான் படலம் வளர்ப்பவர்களிடம் வளர்ச்சி வேகத்தைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். படலம் வளரும் வெற்றிட அறையான சேம்பரில் கசிவு உண்டா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் பேச்சு வராது. அழுத்தம் காட்டும் கேஜ் 10⁻⁶ டார் (அழுத்த அலகு) காட்டினால் சுத்தம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அந்த அழுத்தத்திலும் எஞ்சிய வாயு மூலக்கூறுகள், நொடிக்கு ஏறத்தாழ ஓர் அணுவடுக்குக்கு ஈடான எண்ணிக்கையில் பரப்பில் வந்து மோதுகின்றன. சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயுவான சிலேனின் பிளாஸ்மாவில் படலம் வளர்வதும் பெரும்பாலும் நொடிக்குச் சில ஆங்ஸ்ட்ராம்தான், அதாவது ஓரிரு அணுவடுக்குதான். மோதுவதெல்லாம் ஒட்டாததால் பிழைக்கிறோம். நுண்படிக சிலிக்கானில் ஆக்சிஜன் கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ அணுக்களைத் தாண்டினால், அதாவது 5,000 சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்றாலே, பாஸ்பரஸ் சேர்க்காத படலம்கூட எலக்ட்ரான்களால் மின்சாரம் கடத்தும் என்-வகைபோல் நடக்கத் தொடங்கும்.

அப்படியானால் வேகத்தைக் கூட்டினால் மாசின் விகிதம் குறையுமே என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் மின்திறனை ஏற்றிக்கொண்டே போனால் சிலேன் தீர்ந்து வேகம் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பிளாஸ்மாவிலேயே பொடி உருவாகிப் படலத்தில் விழும். மாசு வரும் வழியை அடைப்பதுதான் மலிவான வைத்தியம்.

பம்புக்குப் போகும் வால்வை மூடி, அழுத்தம் ஏறுவதை நிமிடத்துக்கு நிமிடம் குறித்து வரைபடம் போடுங்கள். கோடு நேராக ஏறிக்கொண்டே போனால் வெளிக்காற்று வருகிறது. போகப்போக வளைந்து தணிந்தால் பெரும்பாலும் சுவர்கள் விடும் நீராவி. சூடேற்றிப் பம்ப் செய்தால் போகும். எங்களிடம் ஒருமுறை கோடு வளையவே இல்லை. கதவின் இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றிப் பார்த்தால், துடைத்த துணியிலிருந்து பிரிந்த ஒரு நூலிழை!

போரான் வேறு ரகம். போரான் சேர்த்த பி-அடுக்கு படிந்த சேம்பரிலேயே அடுத்து, எதையும் சேர்க்காத ஐ-அடுக்கை வளர்த்தால், சுவரில் தங்கிய போரான் அதற்குள்ளும் புகும். தனிச் சேம்பர் வைப்பதே நல்லது.

சிலேன் சிலிண்டர் மாற்றும்போது அவசரம் கூடவே கூடாது. அது காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும். சில வேளைகளில் உடனே பற்றாமல் தேங்கிப் பிறகு வெடிக்கும். குழாயை நைட்ரஜனால் பலமுறை பர்ஜ் செய்யாவிட்டால், அதாவது ஊதிக் கழுவாவிட்டால், உள்ளே நிற்கும் காற்றோடு சிலேன் சேர்ந்து சிலிக்கா பொடியாகி வால்வின் மூடி அமரும் இருக்கையில் படியும். அதன்பின் வால்வை எவ்வளவு இறுக்கினாலும் முழுதாக மூடாது.