ஈடுபாடு யாருக்குக் குறைவு? ‘பப்ளிக் எங்கேஜ்மென்ட்’ படும் பாடு

போன மாதம் ஒரு பயிற்சிக் கையேடு மெய்ப்புப் பார்க்க வந்தது. அரசு அலுவலகம் ஒன்றின் முகநூல், எக்ஸ், வாட்ஸ்அப் கணக்குகளைக் கவனிக்கிற ஊழியர்களுக்காகத் தயாரித்தது. நாற்பத்திரண்டு பக்கம். தலைப்பு, ‘சமூக ஊடகம் வழியே மக்கள் ஈடுபாட்டை மேம்படுத்துதல்’. உள்ளே ‘ஈடுபாடு’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கி, ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பதினேழாம் பக்கத்தில் மாதிரிக்காக ஒரு படம். குடிநீர் வழங்கல் பற்றிய அறிவிப்பு. அதன் அடியில் ஒருவர், ‘எங்க தெருவுக்குத் தண்ணி வந்து ஒம்போது நாள் ஆச்சு, போன் பண்ணா யாரும் எடுக்கிறதில்ல’ என்று எழுதியிருக்கிறார். அவருக்குக் கீழே முப்பது பேர் ‘எங்க தெருவும்தான்’ என்று ஒத்துப் பாடியிருக்கிறார்கள். கையேடு இதற்குத் தரும் விளக்கம்: ‘இப்பதிவு உயர்ந்த மக்கள் ஈடுபாட்டைப் பெற்றுள்ளது.’

காலிக் குடத்தோடு நிற்கிறவருக்கு ஈடுபாடாம்.

‘பப்ளிக் எங்கேஜ்மென்ட்’ என்பதைத்தான் இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் ‘பொது நிச்சயதார்த்தம்’ என்று வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள், திருத்திவிடுவார்கள். அதனால் கெடுதல் இல்லை. ‘ஈடுபாடு’தான் ஆபத்து. பார்த்தால் நல்ல தமிழாகத் தெரிகிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதலில் மூலச்சொல். பிரெஞ்சில் ‘கேஜ்’ என்றால் பிணை, அடகுப் பொருள். ‘ஆங்காஜே’ என்றால் பிணை வைத்துக் கட்டுப்படுவது. ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டு பல பக்கம் இழுத்தது. திருமணம் பேசி முடிப்பது எங்கேஜ்மென்ட். இரண்டு படைகள் கைகலப்பதும் அதுவே. கியர் போடும்போது பல்லோடு பல் கவ்விப் பிடிப்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் பொதுவானது ஒன்று உண்டு: எதிரே இன்னொரு தரப்பு இருக்கிறது, இரண்டும் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்கின்றன. ஒற்றைச் சக்கரம் தனக்குத்தானே கியர் போட்டுக்கொள்ள முடியாது.

இங்கே ‘ஈடுபாடு’ கட்சிக்காரர்கள் ஒரு சீட்டை இறக்குவார்கள். தமிழில் ‘ஈடு’ என்றாலும் பிணைதானே, ‘நிலத்தை ஈடு வைத்தான்’ என்கிறோமே, பிரெஞ்சு ‘கேஜ்’ போலவே இருக்கிறதே என்பார்கள். ஒற்றுமை அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேரில் கிடப்பது வேறு, வழக்கில் நிற்பது வேறு. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம் என்பதற்காக இன்றைக்கு ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் ‘நல்ல நாற்றம்’ என்று சொல்லிப் பாருங்கள். இன்றைய தமிழில் ஈடுபாடு மனம் ஒன்றிப்போவது. ‘சங்கீதத்துல அவளுக்கு ஈடுபாடு அதிகம்’, ‘பையனுக்குப் படிப்புல ஈடுபாடு இல்ல’. பக்தியில் ஈடுபாடு, செடி வளர்ப்பில் ஈடுபாடு. எல்லாமே ஓர் ஆளின் மனத்துக்குள் நடக்கிற காரியம். சங்கீதம் திரும்பி அவளிடம் ஈடுபாடு காட்ட வேண்டியதில்லை.

வேற்றுமை உருபைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஈடுபாடு ‘இல்’ கேட்கும்: இசையில், பூசையில், படிப்பில். எங்கேஜ்மென்ட்டுக்கு வேண்டியது ‘ஓடு’: மக்களோடு. ‘மக்கள் ஈடுபாடு’ என்ற தொகையை விரித்தால் என்ன வரும்? ‘மக்களது ஈடுபாடு’. ஆறாம் வேற்றுமை. உடைமை மக்களுடையது, ஆகவே குறையும் மக்களுடையது. கையேட்டின் முப்பதாம் பக்கம் ஒளிவு மறைவில்லாமல் இதைச் சொல்லிவிடுகிறது: ‘மக்களிடம் ஈடுபாடு குறைவாக இருப்பதற்கான காரணங்களைக் கண்டறிக.’ பையனுக்குப் படிப்பில் ஈடுபாடு இல்லை என்று வாத்தியார் சொல்கிற அதே தொனி. மூன்று வாரமாக ஒரு கேள்விக்கும் பதில் போடாத கணக்கை நடத்துகிறவர், மக்களுக்கு ஈடுபாடு போதவில்லை என்று அறிக்கை எழுதலாம். தமிழ் அவருக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது.

மூலத்தில் அந்த வசதி கிடையாது. இந்தச் சொல் அரசுத் தாள்களில் இவ்வளவு புழங்கக் காரணமானவற்றில் ஒன்று, பராக் ஒபாமா பதவியேற்ற மறுநாள், 2009 ஜனவரி 21 அன்று, ‘திறந்த அரசு’ பற்றித் தம் துறைகளுக்கு அனுப்பிய குறிப்பு. வெளிப்படைத்தன்மை, பங்கேற்பு, கொலாபரேஷன் என்று மூன்று தூண்கள். பங்கேற்பு பற்றிய பத்தியில் எங்கேஜ்மென்ட் வருகிறது. அறிவு சமூகத்தில் பரவிக் கிடக்கிறது, அது அதிகாரிகளுக்குக் கிடைத்தால் அவர்களுக்கே நல்லது, ஆகவே கொள்கை வகுப்பதில் பங்கேற்க மக்களுக்குத் துறைகள் கூடுதல் வாய்ப்புத் தர வேண்டும் என்பது சாரம். வேலை சொல்லியிருப்பது துறைகளுக்கு. மக்களின் மனப்பான்மை பற்றி அங்கே பேச்சில்லை.

மூன்றாவது தூண் தமிழில் பட்டிருக்கிற பாடு தனிக்கதை. கொலாபரேஷனைக் கையேடு ஓரிடத்தில் ‘கூட்டுறவு’ என்கிறது. படிக்கிறவருக்கு நகைக்கடனும் பாமாயிலும் ஞாபகம் வரும். 1904-ல் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்ததிலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாக அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. இன்னோரிடத்தில் ‘ஒத்துழைப்பு’. ‘பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று ஒலிபெருக்கியில் கேட்டால் நமக்கு என்ன புரிகிறது? சாலையை மறித்திருக்கிறார்கள், சுற்றிப் போ, சண்டை போடாதே. கூடி உழைப்பது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நான் ‘கூட்டுப்பணி’ என்று எழுதுவேன். ஊர் கூடித் தேர் இழுக்கிறோமே, அதுதான். ஏரியைத் தூர்வாரி மடையைச் சரிசெய்ய அரசும் குடிகளும் சேர்ந்து செய்ததற்குக் ‘குடிமராமத்து’ என்று பேரே இருந்தது. ‘மராமத்து’ அரபியிலிருந்து வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தச் சொல்லில் குடியும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. (வெள்ளைக்காரன் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு இந்த வேலையையும் அதற்குள் கொண்டுவந்தது வேறு விஷயம். கூடிச் செய்வது என்று சொல்லிக்கொண்டே ஆணை போடுவது நேற்று வந்த பழக்கம் இல்லை.)

சரி, எங்கேஜ்மென்ட்டுக்கு என்னதான் எழுதுவது? தனித்தமிழ்ப் பக்கத்திலிருந்து ‘உசாவல்’ வருகிறது. நல்ல பழைய சொல். இலங்கைத் தமிழர்கள் மேற்கோள் நூல்களைக் குறிக்க ‘உசாத்துணை’யை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் உசாவுவது கேட்டறிவது, கலந்து யோசிப்பது. அதற்கு மக்கள் வாயில் ஏற்கெனவே ‘கருத்துக்கேட்பு’ இருக்கிறது. குவாரிக்கோ அனல்மின் நிலையத்துக்கோ பந்தல் போட்டு நடத்துகிறார்களே, அந்தக் கூட்டத்தை ‘கருத்துக்கேட்பு’ என்றுதான் போகிறவர்களும் சொல்கிறார்கள், மறியல் செய்கிறவர்களும் சொல்கிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டு உசாவலை நடுவதில் எனக்கு விருப்பமில்லை.

என் தேர்வு ‘ஊடாடல்’. ஊடு என்றால் நடுவே, இடையே. ஊடாடுவது நடுவே புகுந்து பழகுவது, போக வர இருப்பது. ‘சனங்களோட ஊடாடிப் பழகினவரு’ என்று சொல்கிற வழக்கு உண்டு. உருபும் தானாக ‘ஓடு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘மக்களோடு ஊடாடல் குறைவு’ என்று எழுதினால், யார் ஊடாடவில்லை என்ற கேள்வி அலுவலகத்தை நோக்கித் திரும்பும். ‘ஊடல்’ போல ஒலிக்கிறதே என்றார் நண்பர் ஒருவர். அரசுக்கும் சனங்களுக்கும் நடுவில் நடப்பது பாதி நாள் அதுதானே, இருக்கட்டும் என்றேன்.

ஊடாடல் எப்படி இருக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து. 2008-ல் வங்கிகள் கவிழ்ந்த பிறகு, புது அரசியல் சாசனம் எழுத 25 பேர் கொண்ட மன்றம் அமைத்தார்கள். 2011-ல் அந்த மன்றம் வரைவை எழுத எழுத இணையத்தில் போட்டது. முகநூலிலும் டிவிட்டரிலும் மக்கள் கருத்துச் சொன்னார்கள், உறுப்பினர்கள் பதில் சொன்னார்கள், திருத்திய வடிவம் மறுபடி மேலே வந்தது. ஜூலைக் கடைசியில் வரைவை நாடாளுமன்றத்திடம் கொடுத்தார்கள். 2012 அக்டோபர் 20 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், இந்த வரைவின் அடிப்படையில் சாசனம் அமையலாம் என்றார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. இந்தக் கதையில் குறைந்துபோனது மக்களின் ஈடுபாடு என்று யாராவது எழுத முடியுமா? ஊடாடல் ஒரு பக்கத்தில் அறுந்தது என்று எழுதலாம், புரியும்.

நம்மூரிலும் உண்டு. 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தது; ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று மதிப்பிடுவதற்கான விதிகளின் வரைவு அது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டுவிட்டு நாட்டு மக்கள் அனைவரிடமும் கருத்துக் கேட்டார்கள். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. கருத்துகளோ லட்சக்கணக்கில் குவிந்தன. ஈடுபாட்டுக்கு ஒரு பஞ்சமும் இல்லை. தமிழில் கேட்கத்தான் ஆள் இல்லை.

இதைச் சொல்லும்போது என் தொழில்காரர்களையும் விடக்கூடாது. நாம் அகராதியில் முதல் வரியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். ‘எங்கேஜ்மென்ட் ரேட்’ வந்தால் ‘ஈடுபாட்டு விகிதம்’. அது என்ன கணக்கு என்று கேட்பதில்லை. விருப்பக்குறி, பின்னூட்டம், பகிர்வு எல்லாவற்றையும் கூட்டி, பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டதோ அந்த எண்ணால் வகுக்கிறார்கள். வைதாலும் ஒன்று, வாழ்த்தினாலும் ஒன்று. விளம்பரக் கம்பெனிக்குச் சரியான கணக்கு. ‘எதிர்வினை விகிதம்’ என்று எழுதினால் உள்ளது உள்ளபடி இருக்கும். தண்ணீர் வராத தெருக்காரர் செய்தது எதிர்வினை. யாராவது அவருக்குப் பதில் சொல்லி, லாரி அனுப்பி, மறுநாள் வந்ததா என்று கேட்டிருந்தால் அது ஊடாடல்.

இவ்வளவையும் சுருக்கி ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, கையேட்டைத் திருத்தி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். ரொம்பத் தன்மையான பிள்ளை. ‘படிச்சோம் சார், நீங்க சொல்றது சரிதான், உள்ள எல்லா எடத்துலயும் மாத்திடறோம். தலைப்பு மட்டும் ஈடுபாடாவே இருக்கட்டும் சார். பேனர் அடிச்சாச்சு.’