சத்தம் மாறினால் சொல்லுங்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்ப்பவர்கள், "இவ்வளவு எடையைப் பாலம் தாங்குமா சார்?" என்று என்னிடம் கேட்பார்கள். பாலங்களைப் பரிசோதிப்பது என் வேலை. வடசென்னையில் எடையை விட எனக்குப் பயம் தருவது உப்புக்காற்றும் வடியாத தண்ணீரும்தான்.

மணலிப் பக்கம் கால்வாய் மேல் ஒரு பாலம். அடியில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா சொன்னார்: "லாரி ஏறுனா ஒரு தடவைதான் 'டங்'குனு கேக்கும் தம்பி. மழைக்கு அப்புறம் ரெண்டு தடவை கேக்குது."

மேலே போய்ப் பார்த்தோம். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்து, இரும்புப் பட்டை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. வெயிலில் தளம் நீள்வதற்காக விடும் இடைவெளி அது. ரப்பர் போனால் மழைத்தண்ணீர் நேராக கர்டர் (தளத்தைத் தாங்கும் உத்தரம்) முனையிலும், அது தூண்மேல் உட்காரும் பேரிங்கிலும் இறங்கும். பக்கத்து வடிகுழாயிலும் மண் அடைத்திருந்தது. கர்டர் முனையைச் சுத்தியலால் தட்டினால், உள்ளே காரை விட்டுப்போனதுபோல் வெற்றுச் சத்தம்.

கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். உப்பு உள்ளே போய்விட்டால் அந்தக் காவல் உடைந்துவிடும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் காரை பெயரும். வெளியே பெயர்வதற்கு முன்பே கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து பார்க்கலாம். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால், கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று அர்த்தம். அங்கே அதற்கும் கீழே காட்டியது.

சென்சார் வைத்தால் போதாதா? வைக்க வேண்டும். பாலத்தின் விறைப்பு குறைந்தால் அது அதிரும் வேகமும் குறையும், சென்சார் அதைப் பிடிக்கும். ஆனால் வெயிலுக்கும் அந்த வேகம் மாறும். அதனால் ஒரு வருஷமாவது அளந்தால்தான் எது வெயில், எது பழுது என்று பிரிக்க முடியும். அடைத்த குழாயை எந்த சென்சாரும் தோண்டாது.

குஜராத்தில் 2025 ஜூலை 9 அன்று கம்பீரா பாலம் இடிந்து வண்டிகள் மகிசாகர் ஆற்றில் விழுந்தன. தூண்மேல் பீடமும் இணைப்பும் நொறுங்கியதாக முதற்கட்ட விசாரணை சொன்னது. யாரும் எட்டிப் பார்க்காத இடம்தான்.

தினமும் போகிற பாலத்தில் சத்தம் மாறினாலோ, ஜாயின்ட்டில் படி தட்டினாலோ, அடியில் துருக்கறை ஒழுகினாலோ போட்டோ எடுத்துச் சொல்லுங்கள். மாநகராட்சிக்கு 1913, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033.

அக்கா சொன்ன பாலத்தில் ரப்பர் மாற்றியாயிற்று, கர்டர் முனையும் சரிசெய்தாயிற்று. ஐப்பசிக்கு முன்னால் மறுபடி போக வேண்டும். அந்தக் குழாயில் இந்நேரம் மண் சேர்ந்திருக்கும்.