ஆல்ஃபாவை நான்கு மடங்காக்கினால்

ஆல்ஃபா என்ற மாதிரி ராக்கெட்டை உள்ளங்கையில் நிறுத்தி வைக்கலாம். உயரம் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதல், குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 23 கிராம். காகிதக் குழாய் ஒன்று, பால்சா மரத்தில் அறுத்த மூன்று துடுப்புகள், உச்சியில் ஒரு மூக்குக் கூம்பு, உள்ளே மடித்து வைத்த ஓரடிப் பாரசூட். அவ்வளவுதான். அமெரிக்காவின் எஸ்டெஸ் நிறுவனம் 1960களில் இதைக் கொண்டுவந்தது. அந்நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் கட்டிய முதல் ராக்கெட் இதுதான். வளர்ந்த பிறகும் சிலருக்கு அந்த ஆசை விடுவதில்லை. அதே உருவத்தை நெஞ்சு உயரத்துக்குக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள்.

கேட்டால் சுலபமான வேலைதான். எல்லா அளவையும் நான்கால் பெருக்கினால் குறுக்களவு 10 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். உருவம் அச்சு அசலாக வந்துவிடும். ஆனால் எடையும் காற்றின் தடையும் தரையில் மோதும் வேகமும் உருவத்தோடு சேர்ந்து வளர்வதில்லை, ஒவ்வொன்றும் தன் கணக்கில் வளர்கிறது. கலிலியோ 1638இல் எழுதிவைத்த கணக்கு இது: நீளம் 4 மடங்கானால் பரப்பு 16 மடங்கு, கன அளவு 64 மடங்கு. அதாவது 23 கிராம் ஆல்ஃபா ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆகிவிடும்.

அதைத் தூக்க எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்? சின்ன ஆல்ஃபாவில் போடும் மோட்டாரின் மேல் ‘சி6-5’ என்று அச்சிட்டிருக்கும். எழுத்து, அது தரும் மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கி வருவதை. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்த பிறகு பாரசூட் வெளிவர ஆகும் வினாடிகள். எழுத்துகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘ஏ’ மோட்டாரின் மேல் வரம்பு 2.5 நியூட்டன் வினாடி, ‘பி’ 5, ‘சி’ 10. ஓர் எழுத்து நகர்ந்தால் அந்த வரம்பு இரட்டிப்பாகும். 64 என்பது ஆறு முறை இரட்டிப்பது. ஆகவே ‘சி’யிலிருந்து ஆறு எழுத்து தள்ளிப் போனால் ‘ஐ’. அதன் வரம்பு 640 நியூட்டன் வினாடி. கலிலியோவின் கணக்கும் மோட்டார்க்காரர்களின் எழுத்து வரிசையும் இப்படிச் சரியாக ஒட்டிக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனாலும் ‘ஐ’ வரை போக வேண்டிய அவசியம் இல்லை. சின்ன ஆல்ஃபா ‘சி’ மோட்டாரில் சுமார் 300 மீட்டர் ஏறும். காற்றே இல்லாவிட்டால் அதே மோட்டார் அதை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலே கொண்டுபோய்விடும். அத்தனையையும் காற்று தின்றுவிடுகிறது. பெரியதிலோ காற்றை எதிர்கொள்ளும் பரப்பு 16 மடங்கு, எடை 64 மடங்கு. அதே வேகத்தில் காற்று அதைத் தடுத்து நிறுத்தும் வலு கால் பங்குதான். அதனால் ஓர் எழுத்து கீழே இறங்கி ‘எச்’ போட்டாலே தம்பி தொட்ட உயரத்தை அண்ணன் தொட்டுவிடுவான்.

சி மோட்டாரை ஒருமுறை வெட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும். கட்டைவிரல் பருமனில் கெட்டி அட்டைக் குழாய். அடியில் களிமண்ணை அழுத்திச் செய்த சின்னத் துளை. அதற்கு மேல் இறுக்கிய கருமருந்து, ஏறக்குறைய 2 வினாடி எரியும். அடுத்த அடுக்கு உந்தாது, புகை விட்டபடி மெதுவாக எரிந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் ராக்கெட் தன் வேகத்திலேயே ஏறி உச்சிக்கு வந்துவிடும். கடைசியில் ஒரு சிட்டிகை மருந்து மேல்நோக்கி வெடித்து, மூக்கையும் பாரசூட்டையும் வெளியே தள்ளும். நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் 1954இல் இப்படி ஒன்றைச் செய்தார். பிறகு வெர்ன் எஸ்டெஸ், ஐந்தரை வினாடிக்கு ஒரு மோட்டார் அழுத்தித் தள்ளும் இயந்திரத்தைக் கட்டினார். பிள்ளைகள் இரும்புக் குழாயில் மருந்து திணித்து விரல்களை இழந்துகொண்டிருந்த காலம் அது. மருந்தைக் கையால் கலக்கவே கூடாது, ஆலையில் செய்த மோட்டாரை மட்டுமே போட வேண்டும் என்ற விதி இன்றுவரை மாறவில்லை. மாறவும் கூடாது.

‘எச்’சில் எரிவது கருமருந்து அல்ல. அமோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பசையில் பிசைந்து இறுக வைத்தது. நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் எரியும் எரிபொருளும் இதே குடும்பம்தான்.

சரி, மோட்டார் கிடைத்துவிட்டது. நேராகப் போகுமா? இதுதான் பெரிதாக்கும் வேலையின் உயிர்நாடி. ராக்கெட்டில் இரண்டு புள்ளிகள் முக்கியம். விரலில் வைத்தால் சாயாமல் நிற்கும் இடம் ஈர்ப்பு மையம். காற்று பக்கவாட்டில் தள்ளும் விசை முழுவதும் குவிவதாகக் கொள்ளும் இடம் அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னால், அழுத்த மையம் பின்னால் இருக்க வேண்டும். குறைந்தது உடலின் ஒரு குறுக்களவாவது இடைவெளி தேவை. அப்போதுதான் மூக்கு விலகினால் காற்று வாலைத் தள்ளி நேராக்கும். தீபாவளி ராக்கெட்டுக்கு அந்த நீளக் குச்சி இல்லாவிட்டால் எங்கே பாயும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே குச்சியின் வேலையைத் துடுப்புகள் செய்கின்றன.

சின்ன ராக்கெட்டைச் சோதிப்பது எளிது. ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றினால், நல்ல ராக்கெட் மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றும். மோட்டாரோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு கிலோ வருவதை அப்படிச் சுற்ற முடியாது. அதற்குக் கணக்குதான். நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் 1966இல், உருவத்தின் அளவுகளை மட்டும் வைத்து அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரங்களை ராக்கெட் ஆர்வலர்களுக்குத் தந்தார். அந்தச் சூத்திரங்களில் எடைக்கு இடமே இல்லை. அதனால் நான்கு மடங்கு ஆல்ஃபாவின் அழுத்த மையம், சின்னதில் இருந்த அதே விகிதத்தில் அப்படியே இருக்கும்.

ஈர்ப்பு மையம் அப்படி இருக்காது. 2 மில்லிமீட்டர் சொச்சம் தடிமனான பால்சா துடுப்பை நான்கு மடங்காக்கி யாரும் செய்வதில்லை. வலுவுக்காக 5 மில்லிமீட்டர் பிளைவுட் போடுவார்கள். பிளைவுட் பால்சாவைப் போல நான்கு மடங்கு கனம். அதை ஒட்டிய எபாக்சி பசையும் வாலிலேயே சேரும். எதிர்ப்புறத்தில், சின்னதில் கட்டையாக இருந்த மூக்கு பெரியதில் உள்ளே வெறும் கூடு. ஆக வால் கனத்து மூக்கு இளைத்துவிடும். மையம் பின்னுக்கு நழுவும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஏவிய உடனே அரை வட்டம் அடித்துத் தரைக்குத் திரும்பக்கூடும். இதைத் தவிர்க்க, மூக்கின் நுனிக்குள் ஈயக் குண்டுகளைக் கொட்டி எபாக்சி ஊற்றி உறைய வைக்கிறார்கள்.

துடுப்பு வேலை செய்யக் காற்று ஓடவேண்டும். நொடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகம் வரும்வரை ராக்கெட்டை ஏதாவது ஒன்று பிடித்திருக்க வேண்டும். சின்னதற்கு உந்துவிசை எடையைப் போல 13 மடங்கு, மூன்றடிக் கம்பி போதும். பெரியதற்குப் பாதுகாப்பான குறைந்தபட்சம் 5 மடங்கு. அதில் ஒரு பங்கு எடையைத் தாங்கவே போய்விடும். மீதி நான்கு பங்கில் அந்த வேகத்தை எட்ட இரண்டரை மீட்டர் ஓடவேண்டும். அதனால் கம்பிக்குப் பதிலாக எட்டடி அலுமினியத் தண்டவாளம்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் நான்கு மடங்கின் விலை தெரியும். ஓரடிப் பாரசூட்டை நாலடியாக்கினால் பரப்பு 16 மடங்குதான், எடையோ 64. இறங்கும் வேகம் இரட்டிப்பாகும். எடை 64 மடங்கு, வேகம் இரண்டு மடங்கு என்றால் தரையில் மோதும் ஆற்றல் 256 மடங்கு. அதே மென்மையோடு இறங்க எட்டடிப் பாரசூட் வேண்டும். ஆனால் அது காற்றில் மைதானத்தைத் தாண்டி மிதந்து போய்விடும். அதனால் நாலடி, ஐந்தடியோடு நிறுத்திக்கொண்டு உடலைக் கெட்டியாக்குகிறார்கள். மூக்கையும் உடலையும் இணைக்கும் கயிறும் மாறிவிடும். சின்னதில் அது ஒரு ரப்பர் நாடா. அதன் நுனியைக் காகிதத் துண்டில் மடித்துக் குழாயின் உள்சுவரில் ஒட்டுவார்கள். பெரியதில் அது முதல் இழுப்பிலேயே பிய்ந்துவிடும் என்பதால் கெவ்லார் என்ற உறுதியான இழைக் கயிறு.

ஆல்ஃபாவின் துடுப்புகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முதலில் தரை தொடுவது துடுப்பின் நுனிதான். பெரிய துடுப்பைக் குழாயின் மேல் ஒட்டினால் அங்கேயே பெயர்ந்துவிடும். அதனால் குழாயில் பிளவு அறுத்து, துடுப்பின் அடியை உள்ளே செருகி, மோட்டார் குழாயோடு சேர்த்து ஒட்டுகிறார்கள். அமெரிக்காவில் ‘எச்’, ‘ஐ’ மோட்டார்களைப் போட முதல் நிலைச் சான்று வேண்டும். தானே கட்டிய ராக்கெட்டை ஏவி, சேதமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து காட்டினால்தான் அது கிடைக்கும். புல்தரையில் நடந்துபோய் எடுத்துவந்த ராக்கெட்டைச் சான்று தருபவர் கையில் வாங்குவார், திருப்பிப் பிடிப்பார், துடுப்பின் வேரைக் கட்டைவிரலால் மெல்ல அசைத்துப் பார்ப்பார்.