எக்ஸ்டென்ஷன்: நீட்சியா, நீட்டிப்பா, செருகுநிரலா?

எக்ஸ்டென்ஷன் என்ற ஒரே சொல் நம் ஊரில் பல வேலை பார்க்கிறது. அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஓய்வுபெற வேண்டிய அதிகாரி இன்னும் ஒரு வருடம் நாற்காலியில் இருந்தால் அவருக்கு எக்ஸ்டென்ஷன் கிடைத்திருக்கிறது. சென்னையில் அண்ணா நகர் மேற்கைத் தாண்டினால் அண்ணா நகர் மேற்கு எக்ஸ்டென்ஷன். மென்பொருளுக்கு வந்தால் மட்டும் தமிழில் ஆளுக்கொரு சொல்: நீட்சி, நீட்டிப்பு, விரிவாக்கம், செருகுநிரல், துணைநிரல். ஏதோ ஒன்று போட்டால் சரி என்றுதான் நானும் இருந்தேன். மென்பொருளை அதற்குத் தேவையானதோடு சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டும் கருவி டாக்கர். அதில் ஓடும் ஆவண மேலாண்மை மென்பொருள் ஒன்றுக்கு எக்ஸ்டென்ஷன் சேர்க்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

வேரிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் 'டெண்டெரே' என்றால் இழுத்து விரித்தல். முன்னால் வரும் 'எக்ஸ்' வெளியே என்று பொருள் தரும். வெளிப்புறமாக இழுத்து நீட்டுவது எக்ஸ்டென்ஷன். துணியை இழுத்துக் கட்டினால் டென்ட். அதுவும் இதே வேர்தான். டென்ட் கொட்டகையில் படம் பார்த்தவர்களுக்கு இந்த லத்தீன் வேர் பழைய அறிமுகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தமிழில் இதற்கு நேரான வேர் நீள். ஆள் என்பது ஆட்சி ஆவதும், மீள் என்பது மீட்சி ஆவதும் போல, நீள் என்பது நீட்சி ஆகிறது. இது தன்வினையிலிருந்து வந்த பெயர்: ஒன்று தானாக நீண்டிருக்கும் நிலை. நீட்டிப்பு அப்படியல்ல, யாரோ நீட்டித்தார்கள் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. வழக்கிலும் அது காலத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பணி நீட்டிப்பு, ஒப்பந்த நீட்டிப்பு, காவல் நீட்டிப்பு என்று நாளிதழ்களில் தினமும் பார்க்கிறோம். குரோம் உலாவியின் தமிழ் இடைமுகத்தில் 'நீட்டிப்புகள்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாருக்கோ கடைசித் தேதியைத் தள்ளிவைத்தது போலவே படுகிறது. விரிவாக்கத்தை வேளாண் துறையும் சாலைப் பணியும் எடுத்துக்கொண்டுவிட்டன. செருகுநிரல் உண்மையில் பிளகின் என்பதற்கு வைத்த பெயர். கொண்டையில் பூச் செருகுவது போல, இருக்கும் இடுக்கில் ஒன்றை நுழைப்பது. நிரல் என்பது வரிசை. நிரல்நிறை அணியில் இருக்கிற அதே நிரல்தான், கட்டளைகளின் வரிசை என்ற பொருளில் இன்று புரோகிராமைக் குறிக்கிறது. நல்ல கூட்டுச்சொல், அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் மென்பொருள் எக்ஸ்டென்ஷன் நிஜமாகவே எதையாவது நீட்டுகிறதா? பள்ளியில் படித்த செய்யுள் விகாரங்களை நினைத்துப் பாருங்கள். நிழல் என்பது நீழல் ஆனால் நீட்டல்: இருந்த எழுத்தே நீண்டது. விளையுமே என்பது விளையும்மே ஆனால் விரித்தல்: இல்லாத எழுத்து ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்தது. மென்பொருளில் நடப்பது இரண்டாவது வகை. உள்ளே இருப்பது நீள்வதில்லை, வெளியிலிருந்து புதிதாக ஒன்று வருகிறது. அந்தக் கணக்கில் 'விரி' பொருத்தமான சொல் என்றாலும், அது இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டது. மீதி இருப்பதில் நீட்சி எனக்குச் சரியாகப் படுகிறது. சொல் குட்டையானது, வேறு துறையோடு மோதுவதும் குறைவு.

சரி, கையைச் சுட்டுக்கொண்ட கதை. அல்ஃப்ரெஸ்கோ என்ற ஆவண மேலாண்மை மென்பொருள் 2005இல் ஜான் நியூட்டன், ஜான் பவல் இருவரும் தொடங்கியது. 'திறந்த வெளியில்' என்று பொருள்படும் இத்தாலியத் தொடர்தான் பெயர். திறமூலத்துக்கு வாகான பெயர். அதற்கான நீட்சிகள் பெரும்பாலும் ஏஎம்பி என்ற பொட்டலமாக வரும். அல்ஃப்ரெஸ்கோ மாட்யூல் பேக்கேஜ் என்பதன் சுருக்கம் அது. பார்த்தால் சாதாரண ஜிப் கோப்பு. எம்எம்டி என்ற கருவி அதைப் பிரித்து, உள்ளே இருப்பதை மூல மென்பொருளின் கோப்புறைகளோடு கலந்துவிடும். கவனியுங்கள், இது இடுக்கில் செருகுவது அல்ல. மாவோடு உப்பு சேர்வது போலக் கலப்பது.

டாக்கரில் ஓடும் பெட்டிக்குக் கன்டெய்னர் என்று பெயர், தமிழில் கொள்கலன். ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னருக்குள் நுழைந்து, ஏஎம்பி கோப்பைக் காப்பி செய்து, எம்எம்டியை ஓட்டி, ரீஸ்டார்ட் கொடுத்தேன். பில் எண், விற்பனையாளர் பெயர் போன்ற புதிய புலங்கள் திரையில் வந்தன. எல்லாருக்கும் மகிழ்ச்சி, ஆவணங்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். சில நாள் கழித்து, கன்டெய்னர்களை எப்படி ஓட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் நினைவக அளவை மட்டும் கூட்டிவிட்டு, அதன்படி ஓட்டச் சொல்லும் 'அப்' கட்டளையைக் கொடுத்தேன். புலங்களைக் காணோம். ஆவணங்கள் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அவை எந்த வகை என்று சொல்லத் தெரியாமல் மென்பொருள் விழித்தது. முன்பு நிறுவிய மாட்யூல் இப்போது இல்லை என்று நடந்ததை எழுதிவைக்கும் லாக் கோப்பில் ஒரு எச்சரிக்கை வரி கிடந்தது. தரவுத்தளத்துக்கு நினைவிருக்கிறது, மென்பொருளுக்கு மறந்துவிட்டது.

காரணம் கொள்கலன் என்ற சொல்லுக்கு அடியில் இருக்கிறது. கலம் என்றால் தமிழில் பாத்திரமும் உண்டு, கப்பலும் உண்டு. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனதிலிருந்து தொடங்கும் சரக்குப் பெட்டகக் கதைக்கு இந்த இரட்டைப் பொருள் தானாகவே பொருந்திவிட்டது. 2013இல் வெளியான டாக்கரின் சின்னத்திலும் திமிங்கிலம் ஒன்று பெட்டிகளைச் சுமக்கிறது. ஆனால் கொள்கலன் என்றதும் நமக்கு வீட்டு அண்டாதான் நினைவுக்கு வருகிறது. ஊற்றினால் நிற்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். டாக்கர் கன்டெய்னர் அந்த ஜாதி அல்ல. அதன் அடியில் இருப்பது இமேஜ், தமிழில் படிமம்: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, மாற்ற முடியாத அடுக்குகள். கன்டெய்னர் ஓடும்போது மேலே எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்று விழும். நாம் உள்ளே போய்ச் செய்யும் மாற்றமெல்லாம் அதில்தான். ரீஸ்டார்ட் செய்தால் அந்த அடுக்கு அப்படியே இருக்கும். அமைப்பை மாற்றி 'அப்' கொடுத்தாலோ, பழைய கன்டெய்னரை வீசிவிட்டுப் படிமத்திலிருந்து புதிதாக ஒன்று பிறக்கும். அந்த மெல்லிய அடுக்கும் பழையதோடு போய்விடும். ரீஸ்டார்ட்டில் தப்பியதால்தான் நான் ஏமாந்தேன்.

அச்சு முறுக்கு சுட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். முறுக்கில் இதழ் ஒன்று கூடுதலாக வேண்டுமென்றால் அச்சில்தான் வெட்ட வேண்டும். சுட்ட முறுக்கில் ஒட்டினால் அந்த ஒன்றோடு சரி.

அச்சில் வெட்டுவது பெரிய வேலையும் இல்லை. டாக்கர்ஃபைல் என்ற உரைக்கோப்பில் முதல் வரி 'ஃப்ரம்': எந்தப் படிமத்தின் மேல் கட்டுகிறோம், எந்தப் பதிப்பு. அடுத்து 'காப்பி': ஏஎம்பி கோப்பை உள்ளே கொண்டுபோவது. அப்புறம் 'ரன்': எம்எம்டியை ஓட்டுவது. பில்ட் செய்தால் நீட்சி சேர்ந்த புதுப் படிமம் கிடைக்கும். கம்போஸ் கோப்பில் அதன் பெயரைக் கொடுத்தால் கன்டெய்னர் எத்தனை முறை செத்துப் பிறந்தாலும் நீட்சி கூடவே பிறக்கும். ஷேர் என்ற இணைய முகப்புக்கும் தனி ஏஎம்பி இருந்தால் அந்தப் படிமத்துக்கும் இதே வேலை. ஆவணங்களையும் தரவுத்தளத்தையும் இதற்குள் வைக்கக் கூடாது, கன்டெய்னர் போனாலும் அழியாமல் வெளியே இருக்கும் வால்யூம்தான் அவற்றுக்கு இடம். வால்யூமைத் தொகுதி என்று சிலர் எழுதுகிறார்கள். நூல் தொகுதி போல ஒலிப்பதால் நான் வால்யூம் என்றே விட்டுவிடுகிறேன்.

இடையில் ஒன்று: கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து வரும் பிடிஎஃப் போன்றதும் எக்ஸ்டென்ஷன்தான். அதற்கும் நீட்சி என்று எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். பின்னொட்டு என்பது தெளிவாக இருக்கிறது. அல்ஃப்ரெஸ்கோ எந்தக் கோப்பையும் வட்டில் 'பின்' (.bin) என்ற பின்னொட்டோடுதான் சேமிக்கிறது என்பதால், ஒரே பத்தியில் இரண்டு எக்ஸ்டென்ஷனும் வந்து மோதுவது எங்கள் வேலையில் சகஜம்.

ஆக, பெயர்ச்சொல் நீட்சி. வினைச்சொல்லைத்தான் நான் பிறகு மாற்றினேன். குழுவுக்காக எழுதிவைத்த குறிப்பின் தலைப்பு 'கொள்கலனில் நீட்சியைச் செருகுதல்' என்று இருந்தது. இப்போது 'படிமத்தில் நீட்சியைச் சேர்த்தல்'. பேச்சில் இந்தச் சொற்கள் எதுவும் வராது, எல்லாம் 'போடு'தான். போன வாரம்கூடப் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து, "அண்ணா, எக்ஸ்டென்ஷன் போட்டாச்சு" என்றான்.

"எதுல போட்ட? இமேஜ்லயா, கன்டெய்னர்லயா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருங்கண்ணா, பில்ட் பண்ணிட்டு வரேன்" என்று திரும்பிப் போனான்.