மூணு டக்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

சிங்கப்பூரில் விளையாட்டு உளவியல் ஆலோசனைக்கு ஒரு வார இறுதி கிரிக்கெட்டர் வருகிறார் என்றால், அவர் அநேகமாக பேட்ஸ்மேன்தான். பந்துவீச்சாளர்கள் அவ்வளவாக வருவதில்லை. மோசமான ஒரு பந்து போட்டவருக்கு அடுத்த பந்து இருக்கிறது. பேட்ஸ்மேனுக்கு அடுத்த ஞாயிறுதான். அந்த ஒரு வாரம் முழுக்க எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தபடி அவுட்டான பந்தையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்.

"கான்ஃபிடன்ஸே போயிடுச்சு சார்" என்று தொடங்கி, கடைசி நாலைந்து ஸ்கோரை ஒப்பிப்பார்கள். 4, 0, 11, 2, 0 (பூஜ்யத்தில் அவுட்டாவதுதான் டக்). சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? உண்மையில் ஒன்றும் தெரியவில்லை. சராசரி 20 வைத்திருக்கும் ஒருவர், திறமை துளியும் குறையாமலே, பத்து இன்னிங்ஸில் ஏறக்குறைய நான்கில் ஒற்றை இலக்கத்தில் அவுட் ஆவார். இது தோராயக் கணக்குதான். ஆனால் ஒரு சீசனில் இப்படி மூன்று இன்னிங்ஸ் அடுத்தடுத்து அமைவது அதிசயமில்லை என்று காட்ட இது போதும்.

நம் பாடாங் மைதானத்திலேயே சாட்சி இருக்கிறது. 1996 மார்ச்சில் உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கையின் ஜெயசூர்யா எடுத்தது 1 ரன், இறுதியாட்டத்தில் 9. ஏப்ரல் தொடக்கத்தில் இங்கே வந்து, பாகிஸ்தானுக்கு எதிராக 48 பந்தில் சதம் அடித்தார். அது அன்றைய உலக சாதனை. அந்த 1, 9 இரண்டையும் மட்டும் வைத்து யாராவது அவரை எட்டாவது இடத்துக்கு இறக்கியிருந்தால்?

ஆகவே, ரன்னை எண்ணுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்கிறேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் முதல் பத்து பந்தை நினைவுபடுத்தி எழுத வேண்டும். எந்தப் பந்தை விட்டேன், எதை ஆடினேன், அந்த முடிவு சரியா? முதல் எட்டு பந்திலும் முடிவு சரியாக இருந்து, ஒன்பதாவது பந்து நல்ல பந்தாக வந்து ஸ்டம்பைத் தட்டிவிட்டால், ஸ்கோர்கார்டில் 3 என்று இருக்கும். நோட்டில் அது நல்ல இன்னிங்ஸ். முதலில் சிரிப்பார்கள். சில வாரம் எழுதினால், வாட்ஸாப் குழுவில் வரும் ஸ்கோர்கார்டைவிட நோட்டை நம்பத் தொடங்குவார்கள்.

ஆனால் எல்லாருக்கும் இந்த வைத்தியம் சரிவராது. பந்து பட்டவர்களின் கதை வேறு.

விலா எலும்பிலோ விரலிலோ ஹெல்மெட்டிலோ ஒரு முறை பலமாக வாங்கியவருக்கு, பின்கால் தானாக ஸ்கொயர் லெக் பக்கம் நகரும். அவருக்கே அது தெரியாது. ஸ்லிப்பில் நிற்பவனுக்குத் தெரியும், கிண்டலும் செய்வான். இதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் பந்து கிரீஸை அடைய அரை நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த நேரத்தில் மூளை யோசிப்பதற்கு முன் உடம்பு முந்திக்கொள்கிறது. உடம்பு கற்றுக்கொண்டதை உடம்புக்குத்தான் மறக்கடிக்க வேண்டும். "தைரியமா நில்லுடா" என்று எத்தனை தடவை கத்தினாலும் கால் கேட்காது.

நான் பயிற்சியாளர்களோடு சேர்ந்து செய்வது இதுதான். முதலில் டென்னிஸ் பால், அண்டர்ஆர்ம், பாதித் தூரம். பின்குதிகாலுக்குப் பின்னால் ஒரு ஷூவை வைத்துவிடுவோம். கால் நகர்ந்தால் தட்டும், திட்ட வேண்டிய தேவையில்லை. கால் நின்ற பிறகு வேகம், அப்புறம் லெதர் பால், அதற்கும் அப்புறம் ஷார்ட் பால். ஒரு படியில் கால் மறுபடி நகர்ந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்த எடுப்பிலேயே பந்துவீசும் இயந்திரத்தின் முன் போய் நின்று வேகத்தை முழுசாகத் திருகி "பயத்தைப் போக்கும்" வீரர்களையும் பார்த்திருக்கிறேன். அநேகமாக பயம் கூடித்தான் திரும்பி வருவார்கள்.

அடி தலையில் பட்டிருந்தால் இந்தப் பயிற்சிக்கெல்லாம் முன் மருத்துவர். தலைவலி, வெளிச்சம் கூசுவது, கவனம் சிதறுவது, பந்து மங்கலாகத் தெரிவது எல்லாம் தன்னம்பிக்கைக் குறைவு போலவே தோற்றம் காட்டும். மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி ஆடக் கூடாது. 2019 ஆகஸ்டிலிருந்து அனைத்துலக ஆட்டங்களிலேயே இதற்காக மாற்று வீரரை இறக்க அனைத்துலக கிரிக்கெட் மன்றம் (ஐசிசி) அனுமதிக்கிறது. நம்ம லீக்கில் பன்னிரண்டாவது ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக ஒருவரைத் திரும்ப அனுப்புவது அநியாயம். பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கண்ணையும் சொல்லாமல் விட முடியாது. நாற்பதைத் தாண்டி புரோகிரெசிவ் கண்ணாடிக்கு மாறியவர்கள் கவனிக்கவும். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. பந்து குத்தும் இடத்தைத் தலையைத் தாழ்த்தாமல் அதன் வழியாகப் பார்த்தால் மங்கும். ஆட்டத்துக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியோ லென்ஸோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. ஊரில் டென்னிஸ் பாலில் ராஜாவாக இருந்துவிட்டு, வேலைக்கு இங்கே வந்தபின் முதல்முறையாக லெதர் பால் லீக் ஆடுபவர்கள். கால் விலக்கி இடம் செய்து லெக் சைடில் தூக்கி அடித்தே பேர் வாங்கியவர்கள். இவர்களுக்கு நம்பிக்கை போகவில்லை, ஆட்டம்தான் மாறியிருக்கிறது. புது ஆட்டத்தில் ஒரு சீசன் தடுமாறுவது நியாயம்தானே.

எந்த வகையானாலும், திரும்பி வரும்போது ஷாட்டுகளைக் குறைத்துக்கொள்வது நல்லது. 2004 ஜனவரியில் சிட்னியில் டெண்டுல்கர் செய்தது அதுதான். அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் ஆடப்போய் அவுட்டாகிக்கொண்டிருந்தவர், கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆட்டமிழக்காமல் 241 எடுத்தார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே ஒரு ஷாட்டை விட்டுக்கொடுக்கும்போது, நாம் முதல் பத்து பந்துக்கு இரண்டே ஷாட் என்று வைத்துக்கொள்வதில் என்ன கேவலம்? செயற்கை விரிப்புள்ள ஆடுகளத்தில் பந்து கூடுதலாக எழும்பும், அங்கே அந்த இரண்டில் ஒன்று கட் ஷாட்டாக இருக்கலாம்.

கடைசியாக கேப்டன்களுக்கு. ஃபார்மில் இல்லாதவரை எட்டாவது இடத்தில் இறக்கி "போய் சும்மா சுத்துடா" என்பது உதவி மாதிரித் தெரியும். இரண்டு ஓவர் மிச்சமிருக்கும்போது போனவர் சுற்றி அவுட்தான் ஆவார், கணக்கில் இன்னொரு 2 சேரும். முடிந்தால் அதே இடத்தில் மூன்று ஆட்டம் கொடுங்கள். கொடுப்பதை முன்கூட்டியே, வியாழக்கிழமையே அவரிடம் சொல்லிவிடுங்கள்.